தோட்டத்தில் மூடிக் கிடக்கும் பழைய தொட்டி: கோளாறு பார்த்து, சரி செய்து, மறுபடி வேலைக்குக் கொண்டுவர

சென்னையில் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய தனி வீடுகளில், கொல்லைப்புறத்திலோ பக்கச் சந்திலோ ஒரு சிமென்ட் மூடி தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே துவைக்கிற கல்லோ பூந்தொட்டி வரிசையோ இருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது குடியிருப்பவர்களுக்கே தெரியாது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். தெருவுக்குப் பாதாள சாக்கடை வருவதற்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த செப்டிக் டேங்க், அல்லது வேறு பக்கம் புது சம்ப் கட்டிய பிறகு கைவிட்ட பழைய சம்ப், அதாவது தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் தொட்டி.

மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்படாதீர்கள். பள்ளம் தோண்டி, மண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பி, சுவர் எழுப்பி, மேலே ஸ்லாப் போடுகிற வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்து கிடக்கிறது. அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதைத் தொட்டியின் கோளாறே பாதி சொல்லிவிடும். தண்ணீரைப் பிடித்து வைக்கிற தொட்டி மழைநீர் சேமிக்க ஆகும். பிடித்து வைக்காத தொட்டி மழையை நிலத்துக்குள் இறக்க ஆகும். மேல்தளம் போய்விட்ட தொட்டியில் வாழை வைக்கலாம். அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள், பயனை அப்புறம் முடிவு செய்யலாம்.

முதலில்: இது சம்ப்பா, செப்டிக் டேங்க்கா?

இது தெரியாமல் எதையும் தொடக் கூடாது. மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே நீட்டிப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் திறந்து போட்டுவிட்டு, தள்ளி நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி விடுங்கள். கிணறு பார்ப்பவர்கள் செய்கிற பழைய வேலைதான், டார்ச் லைட்டைவிட நன்றாகத் தெரியும். செல்போனைக் குச்சியில் கட்டி இறக்கி வீடியோ எடுப்பதும் சரி.

நடுவில் குறுக்குச் சுவர் இருந்து, அதில் பாதி உயரத்தில் ஓட்டைகள் இருந்தால் அது செப்டிக் டேங்க். எதிரெதிர் பக்கத்தில் இரண்டு பெரிய குழாய்கள் இருக்கும், அவற்றின் வாய் டி வடிவத்தில் கீழ்நோக்கி இறங்கும். வீட்டுச் சுவரை ஒட்டி உயரமாக ஒரு காற்றுக் குழாய் போயிருக்கும். சம்ப் என்றால் ஒரே அறை. மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வரத்துக் குழாய், மோட்டாருக்குப் போகிற உறிஞ்சு குழாய், தளத்தின் ஒரு மூலையில் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) உட்காரச் சிறு குழி. இரண்டு மூடிகள் தள்ளித் தள்ளி இருந்தாலும் செப்டிக் டேங்க் என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

கொள்ளளவு தெரிய நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 8 அடி, 5 அடி, 6 அடி என்றால் சுமார் 6,800 லிட்டர். கீழே வரும் கணக்குகளுக்கு இந்தத் தொட்டியையே வைத்துக்கொள்கிறேன்.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்

உடனே மூடிவிட்டு எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். இது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில்தான் தங்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்ட மாதிரி தோன்றினால் அது நல்ல சேதி இல்லை. இந்த வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குக் காற்றில் சேர்ந்தாலே மூக்கின் மோப்ப நரம்பு மரத்துப்போகும். வாயு அங்கேயே இருக்கும், நமக்குத் தெரியாது. கூடவே மீத்தேன் இருக்கும், அது தீப்பிடிக்கும். கரியமில வாயுவும் இருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

சிலர் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சோதனை எந்தப் பக்கம் பார்த்தாலும் பொய் சொல்லும்.

கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை, கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இந்த மரணங்கள் பல நேரம் ஒருவரோடு நிற்பதில்லை. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன தம்பியும் மச்சானும் சேர்ந்தே போகிறார்கள். யாராவது உள்ளே மயங்கிவிட்டால் இறங்காதீர்கள். 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள், கையில் காற்றடிக்கும் ப்ளோயர் இருந்தால் உள்ளே காற்றை விட்டுக்கொண்டே இருங்கள்.

அடுத்து என்ன செய்வது? உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் 14420 என்ற எண்ணில் கேட்கலாம். பல வருஷம் சும்மா கிடந்த டேங்க்கில் அடிச்சேறு இறுகிப்போயிருக்கும். லாரிக்காரர் தண்ணீர் விட்டுக் கலக்கி இரண்டு தடவை உறிஞ்ச வேண்டியிருக்கும், அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். 'காய்ந்துதானே கிடக்கிறது, அள்ளிச் செடிக்குப் போட்டுவிடலாமே' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குடலில் வளரும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் காய்ந்த கசடிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். கீரைப் பாத்திக்கு அது ஆகவே ஆகாது.

கசடு போன பிறகு மேலேயிருந்தே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் லாரியிலேயே அனுப்பிவிடுங்கள். பழைய வரத்துக் குழாயும் போக்குக் குழாயும் அடைக்கப்பட்டுவிட்டனவா என்று பாருங்கள். பல வீடுகளில் கழிவறையைத் தெருச் சாக்கடையில் சேர்த்தபோது குளியலறைத் தண்ணீர் மட்டும் பழைய டேங்க்குக்கே போகும்படி விட்டிருப்பார்கள். நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பழைய பூச்சு கழிவை உறிஞ்சியிருக்கும். அதைக் கொத்தி எடுத்துப் புதுப் பூச்சுப் போட்ட பிறகும், செப்டிக் டேங்க்காக இருந்த தொட்டியின் தண்ணீரைத் தோட்டத்து மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் மட்டும் பயன்படுத்துவதே என் கட்சி. குடிக்க, சமைக்க, பச்சையாகத் தின்கிற கீரைக்கு வேண்டாம்.

நாற்றமே இல்லாத சுத்தமான சம்ப்பிலும் கவனம் வேண்டும். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த இடத்தில் துருவும் அழுகிய இலையும் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். கொத்தனார் இறங்க வேண்டுமென்றால் முந்தின நாளே மூடியைத் திறந்து வைத்து, ப்ளோயர் குழாயை அடித்தளம் வரை விட்டு, வேலை முடியும்வரை ஓட விடுங்கள். வாயு அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், உள்ளே 19.5க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. ஏணி உள்ளேயே நிற்கட்டும், இடுப்பில் கயிறும் மேலே ஒரு ஆளும் இருக்கட்டும். டீசல், பெட்ரோல் மோட்டாரைத் தொட்டிக்குள்ளோ வாய் அருகிலோ ஓட்டக் கூடாது, புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை வருகிற பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் இதே ஏற்பாடு வேண்டும்.

மழையே இல்லை, ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது

இதற்கு மூன்று காரணம்தான் உண்டு. நிலத்தடி நீர், உடைந்த சாக்கடைக் குழாய், கசிகிற குடிநீர்க் குழாய். எது என்று கண்டுபிடிக்காமல் பூச்சு வேலையில் இறங்கினால் காசு வீண்.

சுவரில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு ஆணி அடித்துக்கொள்ளுங்கள், அல்லது அடையாளம் போட்ட குச்சியை இறக்கி அளங்கள். காலையும் மாலையும் குறித்து வாருங்கள். மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்தில் மட்டும் ஏறினால் வரத்துக் குழாயில் கசிவு. தண்ணீர் தெளிவாக இருக்கும், நாற்றம் இருக்காது. வாசல் வால்வை ஒரு நாள் மூடி வைத்தால் உறுதியாகிவிடும்.

சாக்கடைக் கசிவு என்று சந்தேகம் வந்தால், சொட்டு நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் அடர்த்தியாகக் கலக்கிக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றுங்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் இப்படி ஊற்றி மறுநாள் மூடியைத் திறந்தபோது, தொட்டியின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், செங்கல் இடுக்கிலிருந்து மெல்லிய நீலக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்கு நேரே வெளியே தோண்டியதில் பழைய பீங்கான் குழாய் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீலம் வந்தால் கசிவு நிச்சயம். வராவிட்டால் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது, களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சமயத்தில், வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போகிற இரண்டு நாளில் நீர்மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏறி மாசி, பங்குனியில் இறங்கினால் அது நிலத்தடி நீர். தாழ்வான பகுதிகளில் அடைமழைக் காலத்தில் நீர்மட்டம் தரைக்கு ஓரிரு அடி கீழே வரை வந்துவிடும். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும். மழை நீரை மட்டும் சுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்றால்தான் அடைக்க வேண்டும். அடைக்கிற வேலையைக் கோடையில் செய்யுங்கள். பங்குனி முதல் ஆனி வரை நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும். வெளியிலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே பூசினால் பூச்சு சுவரைப் பிடிக்காமல் தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

கசிகிற இடம் தேடுவது எளிது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடமும், சுவரும் தளமும் சேருகிற மூலையும்தான் முதல் சந்தேகம். வெடிப்பை ஆங்கில வி வடிவத்தில் கொத்தி அகலமாக்கி, சீக்கிரம் இறுகுகிற சிமென்டால் அடைக்க வேண்டும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டிப் பூசச் சொல்லுங்கள். அதன் மேல் ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, நீர்க்காப்புத் திரவம் கலந்து இரண்டு பூச்சு. கொத்தனார் அவசரப்படுத்தினாலும் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். இந்தப் பூச்சு தோற்பதற்கு முக்கியமான காரணம், மூன்றாம் நாளே மூடியைத் திறந்து காயவிடுவதுதான்.

நிரப்பி வைத்த தண்ணீர் இறங்கிவிடுகிறது

காய்ந்து கிடந்த செங்கல் சுவர் முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் குடிக்கும். அதை ஓட்டை என்று எண்ண வேண்டாம். நிரப்பி, மூன்று நாள் விட்டு, மறுபடி நிரப்பி, அப்போதிருந்து அளக்கத் தொடங்குங்கள். மூடியிட்ட தொட்டியில் ஆவியாகிப் போவது கணக்கிலேயே வராது.

ஒரு உயரம் வரை இறங்கி அங்கேயே நின்றால் ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் பழைய குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடம். நாளுக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் குறைந்தால் தோட்டத் தண்ணீருக்கு அது பெரிய விஷயமில்லை, விட்டுவிடுங்கள். அடித்தளம் வரை மொத்தமும் ஓரிரு நாளில் இறங்கிவிடுகிறது என்றால், பழுது பார்க்கும் முன்பு கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குத் தேவை சேமிப்பா, நிலத்தடி நீரா?

தமிழ்நாட்டில் 2003லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் பெயருக்கு ஒரு சின்னக் குழி தோண்டி, ஜல்லியைக் கொட்டி, அதை மறந்தே போயிருக்கிறார்கள். ஏழாயிரம் லிட்டரை வாங்கி இரண்டு நாளில் மண்ணுக்குள் விடுகிற பழைய சம்ப், அந்தச் சின்னக் குழியைவிடப் பல மடங்கு உதவும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு லாரித் தண்ணீருக்காக நகரமே தவம் கிடந்தது. அப்படி ஒரு கோடையை நினைத்தால் நிலத்துக்குள் இறக்கும் ஒவ்வொரு குடமும் முக்கியம்.

மண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல் என்றால் தளத்தில் அங்கங்கே துளை போட்டு, ஓர் அடிக்குக் கூழாங்கல் பரப்பினால் போதும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம் மாதிரி களிமண் உள்ள இடத்தில் துளை போட்டாலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே தளத்திலிருந்து களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே ஒரு குழாய்க் குழி இறக்க வேண்டியிருக்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பாறை சீக்கிரமே வந்துவிடும், அங்கெல்லாம் அடைத்துச் சேமிக்கவே பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீரை மட்டும் விட வேண்டும், வாசல் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் கூடாது. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டினாற்போல் தொட்டி இருந்தால் துளை போடாதீர்கள். செப்டிக் டேங்க்காக இருந்ததை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், கிணறோ போரோ உள்ள வீட்டில் கேட்கவே வேண்டியதில்லை.

அடைமழையில் தளம் உப்பி வெடிக்கிறது, அல்லது தொட்டியே மேலே எழும்புகிறது

காலித் தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளும். நீரில் அமிழ்ந்திருக்கும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டர் இடத்துக்கும் ஒரு டன் விசை. செங்கல் தொட்டி தன் எடையால் ஓரளவு தாங்கும். ஆனால் அடித்தளம் மெலிதாக இருந்தால் நடுவில் உப்பி வெடித்துவிடும். பழைய தொட்டிக்குள் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் டேங்க்கை இறக்கி வைத்தவர்களுக்கும், தோட்டத்தில் நேரடியாகப் புதைத்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அதன் எடை ஒன்றுமே இல்லை, தோட்டத்து மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பும்.

பரிகாரம் சுலபம். ஐப்பசி பிறக்கும் முன்பு தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டு வையுங்கள். 'சுத்தம் செய்கிறேன்' என்று கார்த்திகை மாதத்தில் முழுவதும் இறைத்துக் காலியாக்காதீர்கள். வெடித்துவிட்டது என்றால் கோடைவரை அப்படியே தண்ணீரோடு விட்டு, பிறகு கம்பி கட்டிப் புதுத் தளம் போடலாம்.

ஒரே மழையில் நிரம்பி வழிகிறது / எவ்வளவு பெய்தும் நிரம்பவில்லை

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் விழும், சிதறலும் உறிஞ்சலும் போக 800 கைக்கு வரும். நம் 6,800 லிட்டர் தொட்டி எட்டு, எட்டரை சென்டிமீட்டரில் நிரம்பிவிடும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்படியென்றால் நிரம்புவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், வழிகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வழிகுழாய் வரத்துக் குழாயைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு பெருமழையில் மூடி வழியாகப் பொங்கும். வழிகுழாயின் மறுமுனையை ஒரு கசிவுக் குழிக்குக் கொண்டுபோங்கள். சாக்கடையில் மட்டும் சேர்க்காதீர்கள், 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி தெரு நிறைந்தால் அதே குழாய் வழியாகக் கழிவு உள்ளே வரும்.

டிசம்பர் கடைசியில் நிறைந்த தொட்டியிலிருந்து நாளுக்கு நூறு லிட்டர் எடுத்தால் மார்ச் முதல் வாரம் வரை வரும். சின்னத் தோட்டத்துக்கு இது நல்ல தெம்பு.

எவ்வளவு பெய்தும் நிரம்பவில்லை என்றால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். வடிகுழாய் வாயில் வேப்பிலை அடைத்திருக்கும், அல்லது வடிகட்டியின் மேல் மணல் பாசி பிடித்து இறுகி, தண்ணீர் எல்லாம் வெளியே வழிந்துகொண்டிருக்கும். மேல் இரண்டு அங்குல மணலை எடுத்து அலசிப் போட்டால் சரியாகிவிடும்.

கொசு

மூடி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மூடியின் கைப்பிடி ஓட்டை, காற்றுக் குழாய் வாய், வழிகுழாய் முனை மூன்றும் கொசுவின் வாசல்கள். நம் வெக்கையில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். மூன்று வாசலிலும் நைலான் கொசுவலையைக் கட்டிக் கம்பியால் இறுக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெயிலில் நைந்துவிடும்.

டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டை ஒட்டி வைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது. நீர்மட்டக் கோட்டை ஒட்டிய சுவரை நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் மேலேயிருந்தே தேய்த்து விட வேண்டும். மலேரியா கொசுவுக்கும் நகரத்துச் சம்ப் என்றால் பிடிக்கும். புழு தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் மிதந்தால் அது. தலைகீழாகத் தொங்கினால் மற்றவை. இரண்டு வகையானாலும் வார்டு சுகாதார ஊழியரிடம் சொன்னால் மருந்து போடுவார்கள். இருட்டுத் தொட்டியில் மீனை விட்டு அதையே நம்பியிருக்காதீர்கள்.

தண்ணீரின் நிறம், வாடை

பச்சை என்றால் எங்கோ வெளிச்சம் புகுகிறது. வெளிச்சத்தை அடைத்தால் பாசி தானே செத்துவிடும். டீத் தண்ணீர் நிறம் என்றால் இலைச்சாறு, வாதுமை இலை இதற்குப் பேர்போனது. செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் இலை மக்கி அடியில் சேர்ந்தால் நாற்றம் தொடங்கும். வருஷத்தின் முதல் மழையை உள்ளே விடாமல் திருப்பி விடுங்கள். நூறு சதுர மீட்டர் மாடிக்கு முதல் நூறு இருநூறு லிட்டரைத் தள்ளினால் தூசியும் காக்கை எச்சமும் பெரும்பாலும் போய்விடும். வடிகுழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து, அடியில் திருகு மூடி போட்டால் போதும்.

புதுப் பூச்சுப் போட்ட தொட்டியின் தண்ணீர் கையில் வழவழவென்று இருக்கும், செடியின் இலை நுனி கருகும். சிமென்டின் சுண்ணாம்புக் காரம் இது. முதல் இரண்டு தடவை நிரப்பி, இரண்டு மூன்று நாள் வைத்து, வெளியேற்றிவிடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

ஃபுட் வால்வைத் தளத்திலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள், சேற்றை உறிஞ்சாது. ஓடத் தொடங்கிப் பிறகு கடகடவென்று நின்றால் உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுகிறது. தோட்டத்துக்கு மட்டும்தான் என்றால் ஆறடி ஆழத்துக்குக் கைப்பம்பே போதும்.

சுவர் வழியே வேர் வந்திருக்கிறது

நரை முடி மாதிரி மெல்லிய வேர்க்கொத்து தொங்கினால் வெட்டி, வெடிப்பை அடைத்துவிடலாம். கட்டை விரல் பருமனுக்கு வேர் வந்துவிட்டது என்றால் சுவர் அந்த மரத்துக்குச் சொந்தமாகிவிட்டது. மயில் துத்தம் ஊற்றி வேரைக் கொல்லச் சொல்வார்கள். மரத்தையும் கெடுக்கும், தண்ணீரையும் கெடுக்கும், வேண்டாம். சம்ப் என்றால் தளத்தில் துளை போட்டு, மாடித் தண்ணீரை விட்டு, மரத்துக்கே ஆழத்தில் தண்ணீர் காட்டும் குழியாக விட்டுவிடுங்கள். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மட்டும் பார்த்த அன்றே வேரோடு பிடுங்குங்கள்.

மேல்தளம் விரிசல் விட்டுக் கம்பி தெரிகிறது

மூடி வாயிலிருந்து கண்ணாடி வெளிச்சத்தில் ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காங்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிந்தால் அதன் மேல் யாரும் நடக்கக் கூடாது. மேலேயிருந்து சுத்தியால் மெல்லத் தட்டும்போது பொள்ளென்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். கார் நிறுத்துவதை அன்றே நிறுத்துங்கள். குழந்தைகள் விளையாடும் இடமென்றால் சுற்றி வேலி கட்டிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். சுவரெல்லாம் நன்றாக இருந்தால் ஸ்லாப்பை மட்டும் உடைத்துப் புதிதாகப் போடலாம், அப்போது பூட்டுப் போடக்கூடிய இரும்பு மூடியும் வைத்துவிடுங்கள்.

சுவரும் போய்விட்டது, சேமிக்க வழியில்லை என்றால்தான் நிரப்புகிற யோசனைக்கு வர வேண்டும். அதையும் முறையாகச் செய்யுங்கள். ஸ்லாப்பை மேலே விட்டுவிட்டு அடியில் குப்பையைத் தள்ளி மூடினால் உள்ளே வெற்றிடம் நிற்கும், என்றைக்காவது யாராவது காலை வைக்கும்போது இடியும். ஸ்லாப்பை முழுவதும் எடுத்துவிட்டு, தளத்தை நாலைந்து இடத்தில் பெரிதாக உடைத்துத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். அடியில் ஓர் அடிக்கு உடைந்த செங்கல், அதன் மேல் மணல், அதன் மேல் தோட்ட மண்ணும் மக்கிய எருவும். இரண்டு மழைக்காலத்துக்கு மண் அமிழ்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது போட்டு நிரவ வேண்டும்.

இந்தக் குழியில் வாழை அருமையாக வரும், ஓரத்தில் சேம்பும் மஞ்சளும் வைக்கலாம். துவைத்த தண்ணீரையும் இங்கே திருப்பி விடலாம், வாழை குடித்துக்கொள்ளும். மா, வேம்பு மாதிரி பெருமரம் வைக்காதீர்கள். நான்கு பக்கச் சுவரும் வேரைப் பக்கவாட்டில் ஓடவிடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்கு, வேர் பரவாத மரம் வீட்டுப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.